வில்லுப்பாட்டுக்கு எத்தனை மதிப்பெண்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகிவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்கு என் வீட்டுக்கு ஆள் வரத்து குறைவதில்லை. நான் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியன். ஆயினும் என்னிடம் படித்தவர்களின் தம்பி தங்கைகளும் அவர்களுடைய பெற்றோரும் கையில் ஒரு பிளாஸ்டிக் கோப்புடன் வந்து அமர்ந்து, ஏறத்தாழ ஒரே சொற்களில் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: “மார்க் கொஞ்சம் கம்மிதான் சார், ஆனா சர்டிபிகேட் நிறைய வச்சிருக்கான். நல்ல காலேஜ்ல எடம் கெடைக்குமா?” இந்தக் கேள்விக்கு 31 ஆண்டுகளாக நான் சொல்லி வந்த பதில்களைப் பற்றியும், அந்தப் பதில்கள் மாற வேண்டுமானால் அரசு என்ன செய்ய வேண்டும் என்பதைப் பற்றியும் தங்கள் நாளிதழின் வாயிலாகச் சில செய்திகளை முன்வைக்க விரும்புகிறேன். கடிதம் சற்று நீண்டுவிட்டது, பொறுத்தருள வேண்டும்.

நான் பணியாற்றியது கோவில்பட்டியைச் சுற்றியுள்ள அரசுப் பள்ளிகளில். ஹாக்கி மட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு மிதிவண்டியில் போகும் பிள்ளைகளை எங்கள் ஊரில் எந்தத் தெருவிலும் பார்க்கலாம். 2022ஆம் ஆண்டு ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்ற இந்திய ஹாக்கி அணியில் எங்கள் ஊர்ப் பையன் மாரீஸ்வரன் ஆடினார் என்பது இன்றும் இங்கே டீக்கடைகளில் பெருமையோடு பேசப்படும் செய்தி. ஆனால் மாரீஸ்வரனுடன் அதே மண்ணில் ஓடி, குறுவட்டப் போட்டியிலிருந்து வருவாய் மாவட்டம், மண்டலம், மாநிலம் என்று ஒவ்வொரு படியாக ஏறி, ஏதோ ஒரு படியில் நின்றுவிட்ட நூற்றுக்கணக்கான பிள்ளைகள் உண்டு. என் கவலையெல்லாம் அவர்களைப் பற்றியது.

முதலில் ஒரு மாணவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். அவளுடைய தாத்தா கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டுக் குழுவோடு குடம் அடித்தவர். அவரிடமிருந்து பாட்டையும், வில்லின் நாணைத் தட்டும் வீசுகோலைப் பிடிக்கும் முறையையும் பேத்தி கற்றுக்கொண்டாள். பதினோராம் வகுப்பில் உடுக்கைக்கு ஒருத்தி, குடத்துக்கு ஒருத்தி, கட்டைக்கும் ஜால்ராவுக்கும் இருவர் என்று தோழிகளைச் சேர்த்து அவளே ஒரு குழுவை அமைத்தாள். பக்கத்து எட்டையபுரத்தில் பிறந்த பாரதியின் வரலாற்றைத் தானே மெட்டமைத்து, ‘ஆமா’ போடுகிறவர்களுக்கு எங்கே நிறுத்த வேண்டும், எங்கே கேள்வி கேட்க வேண்டும் என்றெல்லாம் எழுதிவைத்திருந்த அவளுடைய நோட்டுப் புத்தகத்தை நான் பார்த்திருக்கிறேன். பள்ளிக்கல்வித் துறை நடத்தும் கலைத் திருவிழாவில் அந்தக் குழு மாவட்டத்தில் முதலிடம் பெற்று, மாநில அளவிலும் பரிசு பெற்றது. பள்ளியே கொண்டாடியது. வழிபாட்டுக் கூட்டத்தில் தலைமையாசிரியர் அவளை மேடைக்கு அழைத்துப் பாராட்டியபோது அவளுடைய அம்மா தீப்பெட்டித் தொழிற்சாலையில் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்து நின்றிருந்தார்.

அதே மாணவி பொதுத்தேர்வில் தமிழில் 71 மதிப்பெண் பெற்றாள். மாவட்டச் சுற்றுக்கும் மாநிலச் சுற்றுக்கும் இடையில் போன வாரங்கள் அவளுடைய படிப்பில் எத்தனை பாடங்களை விழுங்கின என்பது எனக்குத் தெரியும்; ஒத்திகைக்கு அனுப்பி வைத்தவர்களில் நானும் ஒருவன். அவள் விரும்பியது பி.ஏ. தமிழ். அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் தமிழ்ப் பாடப்பிரிவுக்கான தரவரிசை, பன்னிரண்டாம் வகுப்பில் தமிழில் பெற்ற மதிப்பெண்ணைக் கொண்டே தயாராகிறது. அவள் விண்ணப்பித்த இடங்களிலெல்லாம் அவளுடைய இடஒதுக்கீட்டுப் பிரிவுக்கு 85 மதிப்பெண்ணுக்கு மேலேயே இடங்கள் நிரம்பிவிட்டன. சிறப்பு ஒதுக்கீட்டில் கேட்டுப் பார்க்கலாம் என்று நானே அழைத்துச் சென்றேன். விளையாட்டு வீரர்கள், மாற்றுத்திறனாளிகள், முன்னாள் படைவீரர்களின் பிள்ளைகள், தேசிய மாணவர் படையினர் என்று அந்தப் பட்டியலில் இருந்த பிரிவுகள் அனைத்தும் நியாயமானவை. கலைக்கு அதில் வரியே இல்லை. அங்கே இருந்த பேராசிரியர் அன்பானவர். சான்றிதழை இரண்டு முறை படித்துவிட்டு, “எங்கள் பாடத்திட்டத்தில் நாட்டார் வழக்காற்றியல் என்று ஒரு தாள் இருக்கிறது, வில்லுப்பாட்டு அதில் வருகிறது. ஆனால் இந்தப் பெண்ணைச் சேர்க்க எனக்கு விதி இல்லை” என்றார். அந்த வாக்கியம் இன்றுவரை என் மனத்தை விட்டு அகலவில்லை. வில்லுப்பாட்டைப் பாடமாக நடத்தும் துறைக்குள், வில்லுப்பாட்டுப் பாடத் தெரிந்த பெண் நுழைய வழியில்லை. அவள் இப்போது ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டே தொலைநிலைக் கல்வியில் அதே பி.ஏ. தமிழைப் படிக்கிறாள்.

இனி, பெற்றோர் கேட்கும் கேள்விக்கு வருகிறேன். மதிப்பெண் நடுத்தரம், சான்றிதழ்கள் மிகுதி என்றால் வாய்ப்பு எப்படி? பொறியியலை எடுத்துக்கொண்டால், கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200-க்குக் கணக்கிடப்படும் கட்-ஆஃப் ஒன்றுதான் பொதுக் கலந்தாய்வின் அளவுகோல். என்னிடம் ஆறு ஆண்டுகள் கோல்கீப்பராக நின்ற ஒரு பையன் கணிதத்தில் 62, இயற்பியலில் 70, வேதியியலில் 66 எடுத்தான். மொத்தத்தில் 600-க்கு 428, அதாவது 71 விழுக்காடு. எங்கள் காலத்தில் இதை முதல் வகுப்பு என்று சொல்லி ஊருக்கே மிட்டாய் கொடுத்திருப்பார்கள். ஆனால் அவனுடைய கட்-ஆஃப் 62, 35, 33 எனக் கூட்டி 130. கிண்டி பொறியியல் கல்லூரியிலும் கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியிலும் கணினி சார்ந்த பிரிவுகள் பொதுப்பிரிவில் 190-க்கு மேலேயே முடிந்துவிடுகின்றன. ஒரே கட்-ஆஃப் பெற்ற இருவருக்குள் யார் முன்னே என்பதற்குக் கணித மதிப்பெண், இயற்பியல் மதிப்பெண், பிறந்த தேதி முதலியவற்றை வரிசையாகப் பார்த்து, கடைசியில் கணினி குலுக்கல்போலத் தரும் சமவாய்ப்பு எண்ணைக்கூடப் பார்க்கிறார்கள். அந்த வரிசையின் எந்த இடத்திலும், அவன் ஆறு ஆண்டுகள் விடியற்காலையில் எழுந்து மைதானத்துக்கு வந்ததைப் பற்றிய கேள்வி இல்லை.

ஒன்றைப் பெற்றோருக்குத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். 130 கட்-ஆஃபுக்கும் பொறியியல் இடம் கிடைக்கும். ஆண்டுதோறும் எல்லாச் சுற்றுகளும் முடிந்த பிறகும் பல்லாயிரம் இடங்கள் காலியாகவே கிடக்கின்றன. எந்தக் கல்லூரியில், எந்தப் பிரிவில், என்ன கட்டணத்தில் என்பதுதான் சிக்கல். அரசுக் கல்லூரியில் கிடைக்காத பிள்ளை, கடன் வாங்கிக் கட்டணம் செலுத்தும் கல்லூரியில் போய்ச் சேருகிறான். தரமான அரசுக் கல்லூரியில் ஓர் இடம் என்பது ஏழைக் குடும்பத்துக்குப் பல லட்ச ரூபாய்க்குச் சமம் என்பதை மறந்துவிட்டு இந்தப் பிரச்சினையைப் பேச முடியாது.

விளையாட்டு ஒதுக்கீடு இருக்கிறதே என்பார்கள். பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கென 500 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. மனதார வரவேற்க வேண்டிய ஏற்பாடு அது. என் மாணவர்கள் சிலரும் அதனால் பயன் பெற்றிருக்கிறார்கள். ஆனால் மாநிலம் முழுவதற்கும், எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்து 500. இதற்கான தரவரிசையில் பன்னாட்டு, தேசிய அளவிலான சாதனைகள் முன்னே நிற்கும்; அது முறைதான். மாநில அரையிறுதியில் தோற்றுத் திரும்பிய எங்கள் அணியின் கோல்கீப்பருக்கு அந்தப் பட்டியலில் என்ன எஞ்சும்? மேலும், ஹாக்கியோ கபடியோ கூட்டு ஆட்டம். ஹாக்கி அணியின் பதினொரு பேரில் இருவர் சரியாக ஆடாவிட்டால் மற்ற ஒன்பது பேரின் சான்றிதழும் மாவட்டத்தோடு நின்றுவிடும். நீச்சல், டென்னிஸ், துப்பாக்கி சுடுதல் போன்றவற்றில் தனிப் பயிற்சியாளரும் சொந்தக் கருவிகளும் வைத்துக்கொள்ள வசதியுள்ள நகரத்துப் பிள்ளை, குறைவான போட்டியாளர்களைக் கடந்து தேசிய அளவை எட்டுவதற்கு இருக்கும் வழி, ஒரு செட் கோல்கீப்பர் கவசத்தை மூன்று அணிகள் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளும் கிராமத்துப் பள்ளிக்கு இல்லை. வசதியுள்ளவர்களைக் குறை கூறுவதற்காக இதை எழுதவில்லை. அவர்களும் வியர்வை சிந்தித்தான் பதக்கம் பெறுகிறார்கள். 500 இடங்கள் யார் யாரைச் சென்றடைகின்றன, அவர்களில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் எத்தனை பேர் என்பதை ஆண்டுதோறும் அரசே வெளியிட வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

சான்றிதழ்களைப் பற்றி மிகுந்த வருத்தத்தோடு எழுத வேண்டியிருக்கிறது. என் வீட்டுக்கு வரும் பிளாஸ்டிக் கோப்புகளில் பாதிக்கு மேல் செல்லாக் காசு. கராத்தே, யோகா, சிலம்பம், ஸ்கேட்டிங் என்று பல விளையாட்டுகளில், அங்கீகாரம் இல்லாத அமைப்புகள் ‘தேசியப் போட்டி’, ‘சர்வதேசப் போட்டி’ என்ற பெயரில் கோவாவிலும் நேபாளத்திலும் போட்டி நடத்தி, பயணம், நுழைவுக் கட்டணம், சீருடை என்று ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு, வந்தவர்களுக்கெல்லாம் ஏதோ ஒரு பதக்கத்தை அணிவித்து அனுப்புகின்றன. கூலி வேலை செய்யும் ஒரு தகப்பனார், மகளை நேபாளத்துக்கு அனுப்ப வீட்டு நகையை அடகு வைத்ததை நான் அறிவேன். கலந்தாய்வில் கேட்கப்படுவது, அங்கீகரிக்கப்பட்ட சங்கத்தின் வழியாக உரிய படிவத்தில் பெற்ற சான்று. அதுவும் குறிப்பிட்ட சில ஆண்டுகளுக்கு உட்பட்டது. அந்தப் பெண்ணின் தங்கப் பதக்கம் சரிபார்ப்பு மேசையைத் தாண்டவில்லை. அங்கீகாரம் பெற்ற போட்டிகளிலும்கூட, மே மாதத்தில் படிவத்தைத் தூக்கிக்கொண்டு சங்கச் செயலாளரின் கையெழுத்துக்காக மாவட்டம் மாவட்டமாக அலையும் பிள்ளைகள் இருக்கிறார்கள். எந்தெந்தப் போட்டிச் சான்று எந்தெந்தச் சேர்க்கைக்குச் செல்லும் என்ற முழுப் பட்டியலை, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் ஒவ்வொரு கல்வியாண்டின் தொடக்கத்திலும் எளிய தமிழில் அச்சிட்டு எல்லாப் பள்ளிகளின் அறிவிப்புப் பலகைக்கும் அனுப்பினாலே, எத்தனையோ வீடுகளின் நகை அடகுக்குப் போகாது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். அதை நானும் மதிக்கிறேன். மதிப்பெண் மட்டுமே பார்க்கும் முறை ஏழைகளுக்குக் கிடைத்த பாதுகாப்பு. அதில் வேறொன்றைக் கலந்தால் சிபாரிசும் சாதியும் பணமும் உள்ளே வரும் என்பார்கள். இது வெறும் அச்சம் அல்ல. நம் மாநிலத்திலேயே நடந்த வரலாறு. நான் சட்டம் படித்தவன் அல்லன். ஆசிரியர் இயக்கத்தில் இருந்த நாட்களில் மூத்த தோழர் ஒருவர் வாசிக்கச் சொன்ன தீர்ப்பு ஒன்று நினைவில் இருக்கிறது. தமிழக மருத்துவக் கல்லூரிச் சேர்க்கை பற்றி 1970-ல் உச்ச நீதிமன்றம் விசாரித்த பெரியகருப்பன் வழக்கு அது. அந்நாளில் மொத்தம் 275 மதிப்பெண்களில் 75 நேர்முகத் தேர்வுக்கு. அந்த 75-ஐ எதற்கெல்லாம் வழங்க வேண்டும் என்ற பட்டியலில் விளையாட்டு அல்லது தேசிய மாணவர் படை, பாடம் சாராப் பணிகள், உடல் திறன், பொதுத் திறமை, இயல்பான நாட்டம் ஆகியவை இருந்தன. ஆக, இன்று நாம் கேட்பதை ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்திருந்தார்கள். நடந்தது என்ன? தேர்வுக் குழு அந்தத் தலைப்புகளின்படி தனித்தனியாக மதிப்பெண் இடாமல், மொத்தமாக ஓர் எண்ணை இட்டது. அது சட்டத்துக்குப் புறம்பானது என்று நீதிமன்றம் சொன்னது. 275-ல் 75 என்பதே மிகை என்றும் கருதியது. எதிரே அமர்ந்திருப்பவரின் சட்டையையும் ஊரையும் பேச்சையும் பார்த்து ஓர் எண்ணை இடும் அதிகாரம் மூன்று பேர் கையில் இருந்தால், அதனால் தீங்குறுவது எப்போதும் என் மாணவர்களைப் போன்றவர்களே. பின்னாளில் வந்த மாநிலத் தொழிற்கல்வி நுழைவுத் தேர்வு, நகரத்துப் பயிற்சி மையங்களுக்கே துணை நிற்கிறது என்று கண்டு, 2006-ல் தனிச் சட்டம் இயற்றி அதையும் தமிழ்நாடு நீக்கியது. அந்த முடிவு என்னைப் போன்ற கிராமப்புற ஆசிரியர்களுக்குப் பெரும் ஆறுதல். அந்த அடித்தளத்தை அசைக்க வேண்டும் என்று நான் ஒருநாளும் கேட்க மாட்டேன்.

பொதுவாசல் மதிப்பெண்ணாகவே இருக்கட்டும். அதற்குப் பக்கத்தில், அளவு குறிப்பிட்ட, கண்ணுக்கு முன் திறமையைக் காட்டி நுழையும் ஒரு சிறுவாசல் வேண்டும் என்பதே என் வேண்டுகோள். பிற இடங்களில் இதைச் செய்துகொண்டிருக்கிறார்கள். தில்லிப் பல்கலைக்கழகக் கல்லூரிகளில் விளையாட்டுக்கும் கலை, பேச்சு, நாடகம் முதலிய பாடம் சாராத் திறன்களுக்கும் சேர்த்து 5 விழுக்காடு வரை கூடுதல் இடங்கள் உண்டு. பாடம் சாராத் திறன் பிரிவில் நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணுக்கு 25 விழுக்காடும், நேரடித் திறன் தேர்வுக்கும் சான்றிதழ்களுக்கும் 75 விழுக்காடும் கணக்கில் கொள்ளப்படுகின்றன. சென்னை ஐ.ஐ.டி. 2024-25 கல்வியாண்டில் விளையாட்டுச் சாதனையாளர்களுக்காகவும், அடுத்த ஆண்டில் நுண்கலை, பண்பாட்டுச் சாதனையாளர்களுக்காகவும் ஒவ்வொரு இளநிலைப் படிப்பிலும் இரண்டிரண்டு கூடுதல் இடங்களை உருவாக்கி, அவற்றில் ஒன்றைப் பெண்களுக்கென்றே வைத்தது. பெரிய முன்னெடுப்பு அது. ஆனாலும் அந்த வாசலுக்கு வர ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்வில் முதலில் தேறியிருக்க வேண்டும். 428 மதிப்பெண் எடுத்த கோல்கீப்பருக்கும், தமிழில் 71 எடுத்த வில்லுப்பாட்டுப் பெண்ணுக்கும் அந்தக் கதவு எட்டாது. அவர்களுக்கு எட்டும் கதவு உள்ளூர் அரசு கலை அறிவியல் கல்லூரிதான்.

கேரளத்தையும் கவனிக்க வேண்டும். 1957-ல் தொடங்கிய அவர்களுடைய பள்ளிக் கலோத்சவம் ஊரே திரளும் திருவிழா. பரிசு பெறும் பிள்ளைகளுக்குப் பொதுத்தேர்வு மதிப்பெண்ணோடு சேரும் கருணை மதிப்பெண் கிடைக்கிறது. கலைக்கு அந்த மதிப்பைக் கொடுத்ததற்காக அவர்களைப் பாராட்டுகிறேன். அதேசமயம், மதிப்பெண் என்று வந்ததும் ஆடை அணிகலன்களுக்கும் நடன ஆசான்களுக்கும் பெற்றோர் கொட்டிக் கொடுப்பதும், மாவட்டத்தில் தோற்றவர்கள் மேல்முறையீடு செய்து நீதிமன்ற ஆணையோடு மாநில மேடைக்கு வருவதும் அங்கே வாடிக்கையாகிவிட்டன. சிறந்த மாணவிக்கும் மாணவனுக்கும் கொடுத்துவந்த கலாதிலகம், கலாபிரதிபா என்ற பட்டங்களைப் போட்டி மிகுந்த காரணத்தால் அவர்கள் முன்பே கைவிட்டார்கள். நாமோ 2022-23-ல் கலைத் திருவிழாவைத் தொடங்கியபோது அதேபோன்ற கலையரசன், கலையரசி என்ற பட்டங்களை வைத்தோம். ஆகவே, கருணை மதிப்பெண்ணை நான் பரிந்துரைக்கவில்லை. பொதுத்தேர்வு மதிப்பெண்ணோடு வேறெதையும் கூட்டினால், அது எல்லாருடைய வரிசையையும் கலைக்கும், வழக்கு வரும்.

நான் கேட்பது இதுதான். மாநிலத்திலுள்ள 150-க்கும் மேற்பட்ட அரசு கலை அறிவியல் கல்லூரிகளில், ஒவ்வொரு பாடப்பிரிவிலும் இப்போதுள்ள இடங்களில் ஒன்றைக்கூடக் குறைக்காமல், கூடுதலாக இரண்டு இடங்களைக் கலைக்கும் விளையாட்டுக்கும் உருவாக்கலாம். 69 விழுக்காடு இடஒதுக்கீட்டு முறை இந்தக் கூடுதல் இடங்களுக்கும் மாநில அளவில் பொருந்த வேண்டும். விண்ணப்பிக்கத் தகுதி, அந்தப் படிப்புக்கு உரிய குறைந்தபட்சத் தேர்ச்சி. அதற்கு மேல் மதிப்பெண் பார்க்கக் கூடாது. சான்றிதழ் நுழைவுச்சீட்டாக மட்டும் இருக்கட்டும். தேர்வு, மைதானத்திலும் மேடையிலும் நடக்க வேண்டும். வில்லுப்பாட்டுப் பாடுகிறவள் பாடட்டும். கோல்கீப்பர் பத்துப் பெனால்டி கார்னர்களைத் தடுத்துக் காட்டட்டும். பேச்சாளருக்கு அங்கேயே தலைப்புக் கொடுத்துப் பத்து நிமிடம் பேசச் சொல்லட்டும். அமெரிக்காவில் 2019-ல் அம்பலமான கல்லூரிச் சேர்க்கை மோசடியில், ஆடியே அறியாத செல்வந்தர் வீட்டுப் பிள்ளைகளை விளையாட்டு வீரர்களாகக் காட்டிப் பயிற்சியாளர்களுக்குப் பணம் கொடுத்து இடம் வாங்கினார்கள். பலர் முன்னிலையில் ஆடிக் காட்டியே இடம் பெற வேண்டும் என்ற நிலை இருந்திருந்தால் அந்த மோசடி அத்தனை எளிதாக நடந்திருக்காது.

மதிப்பெண் இடும் முறையில்தான் முழுக் கவனமும் தேவை. 1970-ன் தவறு திரும்பக் கூடாது. தாளம் இத்தனை, குரல் இத்தனை, சொந்த ஆக்கம் இத்தனை என்று தலைப்புவாரியாக மதிப்பெண்ணைப் பிரித்து முன்கூட்டியே அறிவித்து, அன்று மாலையே எல்லாருடைய மதிப்பெண்ணையும் அதே இடத்தில் ஒட்ட வேண்டும்; நிகழ்ச்சி முழுவதையும் காணொளியாகப் பதிவு செய்து வைக்க வேண்டும். நடுவர்கள் வேறு மாவட்டத்திலிருந்து வர வேண்டும். ஆடை அலங்காரத்துக்கு ஒரு மதிப்பெண்கூடக் கூடாது. பள்ளிச் சீருடையில் வந்தால் போதும் என்று விதியிலேயே எழுத வேண்டும். மேற்கத்திய நடனமும் கித்தாரும் இருக்கட்டும்; அவற்றோடு பறை, தேவராட்டம், ஒயிலாட்டம், தோல்பாவைக்கூத்து, நாகசுரம் ஆகியவை பெயர் சொல்லிப் பட்டியலில் இருக்க வேண்டும். பெயர் இல்லையென்றால், “விதி இல்லை” என்ற அதே பதிலைத்தான் அடுத்த பெண்ணும் கேட்டுவிட்டுத் திரும்புவாள்.

இதற்கான செலவு பெரிதல்ல. விண்ணப்பம், தரவரிசை, கலந்தாய்வு ஆகியவற்றுக்கான இணைய ஏற்பாடு 2020 முதல் கல்லூரிக் கல்வி இயக்ககத்திடம் உள்ளது. மேடையும் நடுவர்களும் பள்ளிக்கல்வித் துறையிடம் இருக்கிறார்கள். முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளால் மைதானமும் பட்டியலும் விளையாட்டு ஆணையத்திடம் இருக்கின்றன. மூன்று துறைகளின் அதிகாரிகள் ஒரே மேசையில் அமர வேண்டும் என்பதே குறை. பிள்ளைகளை வகுப்பிலிருந்து மேடைக்கு அழைத்துச் சென்றதும் அரசு, பரிசளித்ததும் அரசு. அந்தப் பரிசை வாசலில் ஏற்க வேண்டியதும் அதே அரசின் கல்லூரி.

பெற்றோருக்கும் சில சொற்கள். கலையோ விளையாட்டோ இருக்கிறது என்பதற்காகப் பாடத்தைக் கைவிடச் சொல்லாதீர்கள். சிறப்பு ஒதுக்கீட்டுக்கும் குறைந்தபட்ச மதிப்பெண் உண்டு. பொறியியல் விளையாட்டு ஒதுக்கீட்டில் தரவரிசையில் முன்னே இருந்தும், கணிதம், இயற்பியல், வேதியியல் சராசரி போதாமல் வெளியேறிய பிள்ளையை நான் அறிவேன். அரசு கலைக் கல்லூரி விண்ணப்பத்தில் விளையாட்டு, தேசிய மாணவர் படை ஆகிய சிறப்புப் பிரிவுகளைக் குறிக்க மறந்துவிட்டு, பொதுக் கலந்தாய்வு நடக்கும்போது வந்து கேட்பவர்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு. சிறப்புப் பிரிவுக்கே முதலில் கலந்தாய்வு. அது முடிந்த பிறகு ஒன்றும் செய்ய இயலாது. உடற்கல்வியையே படிப்பாக எடுக்க விரும்பினால், 1920-ல் தொடங்கப்பட்டு இன்று சென்னை நந்தனத்தில் இயங்கும் ஒய்.எம்.சி.ஏ. கல்லூரியும், மேலக்கோட்டையூரில் உள்ள உடற்கல்வியியல் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. நம் ஊர்களில் பலருக்கு அவற்றின் பெயரே தெரியாது. அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு இருப்பதையும் நினைவில் வையுங்கள். ஆனால் அதில் பெரும்பாலான பணிகளுக்குப் பட்டம் வேண்டும், பட்டத்துக்குக் கல்லூரி இடம் வேண்டும்.

பள்ளிகளுக்கு ஒன்றே ஒன்று. பன்னிரண்டாம் வகுப்புக் கால அட்டவணையில் உடற்கல்வி என்று எழுதிவிட்டு அந்தப் பாடவேளையில் கணிதம் நடத்துவதை நிறுத்துங்கள். 31 ஆண்டுகளில் என் பாடவேளைகளில் எத்தனை இப்படிப் போயின என்று நான் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. வைத்திருந்தால் இந்தக் கடிதத்தை எழுதவே மனம் வந்திருக்காது.

கலைத் திருவிழாவின் பள்ளி அளவிலான போட்டிகள் விரைவில் தொடங்கிவிடும். நான் முன்பு பணியாற்றிய பள்ளியில் இந்த ஆண்டும் ஒரு வில்லுப்பாட்டுக் குழு உருவாகியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து அவர்களுக்கு வீசுகோல் பிடிக்கச் சொல்லிக் கொடுப்பவள், நான் மேலே எழுதிய அந்த மாணவிதான். குழுவின் தலைவி பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கிறாள். அடுத்த மே மாதம் அவளும் விண்ணப்பிப்பாள். அதற்குள் உயர்கல்வித் துறை ஓர் அரசாணையை வெளியிட முடியும். முதல் ஆண்டில் எல்லாக் கல்லூரிகளிலும் இயலாது என்றால், தமிழ்த் துறைகளிலும் இசை, உடற்கல்வித் துறைகளிலுமாவது தொடங்கலாம். இந்த வேண்டுகோளைத் தங்கள் நாளிதழில் வெளியிட்டு உரியவர்களின் கவனத்துக்குக் கொண்டுசெல்லுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
கோவில்பட்டி வட்டம், தூத்துக்குடி மாவட்டம்.